முதல் தனிப் பயணத்துக்கு எந்த ஊர்? கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்: திருநெல்வேலிப் பெண்களுக்கு ஓர் ஒப்பீடு

திருநெல்வேலிச் சீமையில் ஒரு பெண் தனியாக வெளிநாடு போய்வருகிறேன் என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "அங்க நம்மாளு யாரு இருக்கா?" என்பதுதான். அதில் நியாயம் இருக்கிறது. கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிங்கப்பூரோடு தலைமுறைத் தொடர்பு. தூத்துக்குடிக்கும் காயல்பட்டினத்துக்கும் கொழும்போடு கப்பல் காலத்து உறவு. மேலப்பாளையத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவைத் தேடத்தான் வேண்டும். ஆனால் பாதுகாப்பை இந்த ஒரு கேள்வியால் மட்டும் அளந்தால் கணக்கு தப்பும். நம்மாள் இருக்கிற ஊர் வேறு. தனியாக வந்த பெண் எவர் தயவும் இல்லாமல் நடமாடும்படி ஏற்பாடு செய்துவைத்திருக்கிற ஊர் வேறு. முதல் தடவைக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

அதனால் நான்கு ஊர்களையும் மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கிறோம். விமானம் இறங்கியதிலிருந்து அறைக் கதவைத் தாழ்போடும் வரை எத்தனை இடத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆணை நம்ப வேண்டியிருக்கிறது? இருட்டிய பிறகு நடக்கவும் ரயில் ஏறவும் முடியுமா? யாராவது கை வைத்தால், அந்த இடத்திலேயே யாரிடம் சொல்வது? மூன்று முதல் ஐந்து நாள், ஊர் சுற்றிப் பார்க்கும் பயணம் என்பதே கணக்கு. வேலை தேடிப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. "டூரிஸ்ட் விசாவில் வா, வந்த பிறகு வேலைக்கு மாத்திக்கலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் பணம் போதுமானால் சிங்கப்பூர். செலவைக் குறைக்க வேண்டுமானால் கோலாலம்பூர். ஆனால் கைப்பையில் எப்போதும் ஒரு கண் வேண்டும். மொழி, தூரம், செலவு மூன்றிலும் நெருக்கமான கொழும்பு இரண்டாவது பயணத்துக்கு மிக நல்ல ஊர். முதல் பயணமாகவும் போகலாம், நெரிசல் பேருந்தில் ஏறுவதில்லை என்ற உறுதி இருந்தால். துபாயில் பெண்ணுக்கான ஏற்பாடுகள் நான்கிலும் அதிகம்; தெரிந்துகொள்ள வேண்டிய சட்டங்களும் அங்கேதான் அதிகம்.

கொழும்பு: மொழி கைகொடுக்கும், போக்குவரத்து கைவிடும்

மதுரையில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. பெயர்ப்பலகைகளில் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கும். இலங்கை அரசின் ஈடிஏ எனும் இணையவழி நுழைவு அனுமதியைக் கிளம்புமுன் அரசுத் தளத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். அதே போலப் பெயர் வைத்துக் கூடுதல் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முன்னால் வந்து நிற்கும், கவனம். கடைகளில் நம் யூபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து செல்லும், ஆனாலும் எல்லாக் கடையிலும் இல்லை. கொஞ்சம் இலங்கை ரூபாய் கையில் இருக்கட்டும்.

சிக்கல் முதல் கேள்வியிலேயே வந்துவிடுகிறது. விமான நிலையம் கட்டுநாயக்காவில், நகரத்துக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. பெட்டியோடு வருகிறவர் நம்பி ஏறக்கூடிய விமான நிலைய ரயில் கிடையாது. பேருந்து உண்டு, இல்லையென்றால் கார். அதாவது, இறங்கிய முதல் ஒரு மணி நேரம் ஒரு ஓட்டுநரை நம்பித்தான் ஆக வேண்டும். தங்கும் விடுதியிடமே கார் அனுப்பச் சொல்லி, ஓட்டுநர் பெயரையும் வண்டி எண்ணையும் முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வருகைக் கூடத்துக்குள் இருக்கும் டாக்சி கவுண்டரில் ரசீது போட்டு ஏறுங்கள். வெளியே வந்து, "தங்கச்சி, எங்க போகணும்?" என்று அன்பாகக் கேட்டுப் பெட்டியில் கை வைப்பவர் எவ்வளவு நல்ல தமிழ் பேசினாலும் அவரோடு போக வேண்டாம். நகருக்குள் பிக்மீ, ஊபர் இரண்டும் ஓடுகின்றன. ஆட்டோவையும் செயலி வழியாகவே கூப்பிடுங்கள். பேரமும் மிச்சம், போகிற வழியும் பதிவாகும்.

பேருந்து, ரயில் நெரிசலைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் இலங்கையில் 2015இல் எடுத்த ஆய்வில், கேட்கப்பட்ட பெண்களில் 90 சதவீதம் பேர் பொதுப் போக்குவரத்தில் ஒரு தடவையாவது பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் அந்த மண்ணின் பெண்கள், மொழியும் வழியும் தெரிந்தவர்கள். நாம் வேறு மாதிரி நடத்தப்படுவோம் என்று எண்ண இடமில்லை. பேருந்தில் போயே தீர வேண்டுமானால் காலை 7 முதல் 9 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் தவிர்த்து, உட்கார இடம் இருக்கிற வண்டியில் மட்டும் ஏறுங்கள். பின்படிக்கட்டுப் பக்கம் நிற்காதீர்கள். முன்வரிசை இருக்கை காலியாக இருந்தாலும் உட்கார வேண்டாம். அது புத்த பிக்குகளுக்கும் மதகுருமாருக்கும் ஒதுக்கியது. கை பட்டால் நெளிந்து நகராமல், "கையை எடுங்க" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி தமிழிலேயே சொல்லுங்கள். சொல் புரியாதவருக்கும் தொனி புரியும். பாலியல் தொல்லை இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம். காவல்துறை 119, சுற்றுலாக் காவல் 1912, பெண்கள் உதவி 1938, ஆம்புலன்ஸ் 1990.

தங்க வெள்ளவத்தை அல்லது பம்பலப்பிட்டி. காலி வீதியில் கடைகள் இருட்டிய பிறகும் திறந்திருக்கும். தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகள் நடக்கிற தூரத்தில். கோட்டை, புறக்கோட்டைப் பகுதிகள் பகலில் சந்தை இரைச்சல், கடையடைத்த பிறகு ஆளரவம் இல்லாத தெருக்கள். விலை குறைவென்று அங்கே அறை எடுப்பது தப்பு.

மரியாதையில் தவறு நேர வாய்ப்புள்ள இடம் விகாரை என்னும் பௌத்தக் கோயில். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், செருப்பும் தொப்பியும் வெளியே. சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது அங்கே கடும் அவமதிப்பு. நம் கோயில் வாசலில் செல்ஃபி எடுத்த பழக்கத்தில் கை தானாகத் திரும்பிவிடும். பிக்குவைப் பெண் தொடக்கூடாது, பக்கத்தில் ஒட்டி உட்காரவும் கூடாது. புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்ததற்காக ஒரு சுற்றுலாப் பயணியை 2014இல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். துணியில் புத்தர் படம் இருந்தாலும் அணியாதீர்கள். போயா எனப்படும் பௌர்ணமி நாள் விடுமுறை. கடைகள் பல மூடியிருக்கும், விகாரைகளில் கூட்டம் நெரியும். ராணுவ, காவல் இடங்களைப் படம் எடுக்கக்கூடாது. போரைப் பற்றி ஆட்டோக்காரரிடமோ விடுதிக்காரரிடமோ நாமாகப் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. அது அவர்கள் வீட்டுத் துக்கம், நமக்குச் செய்தி மட்டுமே.

சிங்கப்பூர்: எவரையும் நம்ப வேண்டியிராத ஊர்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் குற்றம் குறைவு என்பது மட்டுமல்ல. சாங்கி விமான நிலையத்துக்குள்ளேயே எம்ஆர்டி ரயில் வந்து நிற்கிறது. வங்கிக் கார்டைத் தட்டி உள்ளே போய், அதே கார்டைத் தட்டி வெளியே வந்தால் போதும். விடுதி ஒரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கட்டிலில் விழும் வரை ஒரு ஓட்டுநரோடும் பேச வேண்டியதில்லை. ஆனால் இரவு 11 மணியைத் தாண்டி இறங்கினால் ரயிலை நம்பாதீர்கள். டாக்சி வரிசையில் நின்று மீட்டர் வண்டியில் போகலாம். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டர் தொகையில் பாதி கூடுதலாக வரும், விமான நிலையக் கட்டணமும் சேரும். அது ஏமாற்று அல்ல, விதி.

இங்கே இருந்து சிங்கப்பூர் போகும் விமானங்கள் பல ராத்திரி கிளம்பிக் காலையில் இறங்குகின்றன. ரயில் ஓடும் நேரம் என்பதால் அது நல்லதே. ஆனால் அறை மதியம் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை விடுதியில் விட்டுவிட்டு வெளியே போகலாமா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்ட முதல் நாளில்தான் பாஸ்போர்ட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோவது நடக்கும்.

விசா கட்டாயம், சிங்கப்பூர் அரசு அங்கீகரித்த ஏஜென்ட் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். அது போக எஸ்ஜி அரைவல் கார்டு என்று ஒன்றை இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் இல்லை.

கை வைக்கிறவனுக்கு அங்கே சிறை, அபராதம், பிரம்படி வரை உண்டு. ரயிலில் நடந்தால் அடுத்த நிலையத்தில் இறங்கி நேராகப் பயணிகள் சேவை மையத்துக்குப் போங்கள். பெட்டி எண், நேரம், அவன் சட்டை நிறம் மூன்றையும் சொல்லுங்கள். கேமரா எங்கும் இருப்பதால் இந்த மூன்றும் போதிய தொடக்கம். காவல் 999, ஆம்புலன்ஸ் 995. புகார் கொடுத்தால் பயணம் கெட்டுவிடும் என்று சும்மா வந்துவிட வேண்டாம். புகாரை உடனே எடுத்துக்கொள்ளும் ஊர் அது.

லிட்டில் இந்தியாவில் தங்குவதா? சாப்பாடு, மொழி, ரயில் மூன்றும் வசதி. ஞாயிறு மாலை மட்டும் தெரு நிரம்பி வழியும். வாரம் முழுக்கக் கட்டட வேலையில் நிற்கும் ஆண்கள், நம் ஊர்ப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு, ஒரு நாள் விடுப்பில் கூடுமிடம் அது. அவர்களைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆனால் பெட்டியை இழுத்துக்கொண்டு அறை தேட அந்த நேரம் ஏற்றதல்ல. சனி, ஞாயிறில் போய்ச் சேரும்படி திட்டமிட்டால் மதியத்துக்குள் சேர்ந்துவிடுங்கள். வாடகை குறைவாகத் தெரியும் இன்னொரு இடம் கேலாங். அதன் சில சந்துகள் சட்டத்துக்குட்பட்ட பாலியல் தொழில் நடக்கும் இடம். வாசலில் நிற்கும் பெண்ணை வருகிறவர்கள் வேறு விதமாகப் பார்ப்பார்கள். முகவரியில் அந்தப் பெயர் இருந்தால் வேறு பாருங்கள்.

மரியாதை அங்கே பெரும்பாலும் அபராதத்தோடு கட்டிவைத்தது. ரயிலில் தண்ணீர் குடித்தாலும் குற்றம். அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும். சூயிங்கம் கொண்டுபோகக்கூடாது. மின்நகர்படியில் இடப்பக்கம் நிற்க வேண்டும். உணவங்காடியில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் இடம் பிடித்துவிட்டார்கள் என்று பொருள். அதை நகர்த்திவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம். நம் ஊர்ப் பேச்சுச் சத்தம் ரயில் பெட்டிக்குக் கொஞ்சம் அதிகம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மசாலா விஷயம் தனியாக. வீட்டில் திரித்த குழம்புப் பொடியிலும் குருமா மசாலாவிலும் கசகசா இருந்தால் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கொண்டுபோகாதீர்கள். இரண்டு நாட்டிலும் கசகசா போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடைசெய்த பொருள். தெரியாமல் கொண்டுவந்தேன் என்பது அங்கே காரணமாகாது. புகையிலை சேர்த்த பாக்குப் பொட்டலமும் சிங்கப்பூரில் தடை. பக்கத்து வீட்டு அக்கா மகனுக்கென்று கட்டிக்கொடுக்கும் பார்சலை அவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்து, நாமே மறுபடி கட்ட வேண்டும். அவர் முகம் வாடினாலும் பரவாயில்லை; கையெழுத்துப் போட்டுப் பெட்டியைக் கொண்டுபோவது நாம்.

கோலாலம்பூர்: தோளில் பை எந்தப் பக்கம்?

2026 டிசம்பர் 31 வரை இந்தியருக்கு 30 நாள் விசா விலக்கு. எம்டிஏசி என்ற இணையப் படிவத்தை மட்டும் வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். விசா இல்லை என்பதாலேயே குடிநுழைவு அதிகாரி அதிகம் கேட்பார். திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு, செலவுக்கான பணம் இவற்றைத் தாளில் வைத்திருங்கள். செல்போன் சார்ஜ் இறங்கிய நேரத்தில்தான் கேட்பார்கள்.

விமான நிலையம் தூரம்தான், ஆனால் கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் அரை மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரலில் இறக்கிவிடும். கட்டணம் 55 ரிங்கிட். அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் நடக்கிற தூரம். இட்லி, தோசை, தமிழ்ப் பேச்சு எல்லாம் கிடைக்கும். பெரிய வீதியில் அறை எடுங்கள். மசாஜ் கடைகள் வரிசையாக உள்ள பின்சந்துகளில் வேண்டாம். சௌ கிட் பகுதியின் மலிவு விடுதிகளையும் தவிர்க்கலாம். வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. அதை விடுதியில் நேரில் கேட்டால் திகைக்க வேண்டாம்.

இந்த ஊரின் தனிப்பட்ட ஆபத்து மோட்டார்சைக்கிளில் வந்து பை பறிப்பது. எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் தடுப்பதும் எளிது. பின்னால் இருந்து, போக்குவரத்து போகிற திசையிலேயே வருவார்கள். சாலைப் பக்கத் தோளில் தொங்கும் பையின் வாரைப் பிடித்து இழுப்பார்கள். பை போவதைவிட, இழுபட்டுக் கீழே விழுவதில்தான் பெரிய காயம். ஆகவே வண்டிகளை எதிர்நோக்கி நடங்கள். பை சுவர்ப்பக்கம் இருக்கட்டும். வாரை மணிக்கட்டில் சுற்றாதீர்கள், இழுத்தால் விட்டுவிடுங்கள். நடைபாதை ஓரத்தில் நின்று போனைப் பார்க்காமல் ஒரு கடைக்குள் ஏறி நின்று வழி பாருங்கள். தாலிச் சங்கிலியைத் துணிக்குள் விட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் கனத்த நகையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கொண்டுபோயே தீர வேண்டிய நகைக்குக் கிளம்பும் விமான நிலையத்தின் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பி வரும்போது எங்கே வாங்கியது என்ற கேள்வி எழாது.

கேடிஎம் கொம்யூட்டர் ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு, இளஞ்சிவப்பு அடையாளம் போட்டிருக்கும். முருகன் கோயில் உள்ள பத்துமலைக்கு அந்த ரயிலிலேயே போகலாம். 272 படி, குரங்குகள் பிளாஸ்டிக் பையைப் பறிக்கும், முழங்கால் மூடிய உடை வேண்டும். பள்ளிவாசல்களில் அங்கி கொடுப்பார்கள், போட்டுக்கொண்டு போகலாம். மலாய்க்காரர் சிலர் எதிர்பாலாரிடம் கை குலுக்க மாட்டார்கள். அவர் நெஞ்சில் கை வைத்தால் நாமும் அப்படியே. யாரையும் சுட்டுவிரலால் காட்டுவது அங்கே முரட்டுத்தனம், கட்டைவிரலால் காட்டுவார்கள். இருட்டிய பிறகு கிராப் செயலியில் கூப்பிடும் வண்டி. எண் பொருந்தினால்தான் ஏற வேண்டும். அவசரத்துக்கு 999.

துபாய்: ஏற்பாடும் அதிகம், விதியும் அதிகம்

மெட்ரோவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதி, ஆண் ஏறினால் அபராதம். பேருந்தில் முன்னிருக்கைகள் பெண்களுக்கு. பெண் ஓட்டுநரே ஓட்டும் இளஞ்சிவப்புக் கூரை டாக்சிகள் விமான நிலையத்திலேயே கிடைக்கும். ராத்திரியில் தனியாக நடப்பதற்கு இந்த நான்கில் சிங்கப்பூருக்கு ஈடாகச் சொல்லக்கூடிய ஊர் இதுதான். ஆனால் விமான நிலையத்தின் 1, 3 ஆம் முனையங்களில்தான் மெட்ரோ உண்டு. 2ஆம் முனையத்தில் இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே எந்த முனையம் என்று பாருங்கள்.

தமிழ்ப் பெண்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் பாஸ்போர்ட்டில் பெயர். குடும்பப் பெயர் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், 2022 நவம்பரில் வந்த விதிப்படி சுற்றுலா விசாவுக்குத் தடை வரலாம். விண்ணப்பிக்கும் முன்பே ஏஜென்டிடம் பாஸ்போர்ட் நகலைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் வரும் ஈசிஆர் (வேலைக்குப் போகக் குடியேற்றச் சோதனை தேவை என்ற) குறிப்பும் அமீரகம், மலேசியா இரண்டுக்கும் பொருந்தும். சுற்றுலா போவதற்கு அது தடையில்லை என்றாலும் இங்கேயே குடியேற்றக் கவுண்டரில் கூடுதலாகக் கேட்பார்கள். சிங்கப்பூரும் இலங்கையும் ஈசிஆர் நாடுகளின் பட்டியலில் இல்லை. கிராமத்திலிருந்து போகும் படிப்புக் குறைந்த பெண்களுக்கு இது ஊரைத் தேர்வதிலேயே ஒரு காரணம்.

இன்னொன்று: அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் அனுப்பலாம், அழைப்பு மட்டும் போகாது. இதை வீட்டில் முன்னமே சொல்லாவிட்டால், இறங்கிய அரை மணி நேரத்தில் அம்மா அழ ஆரம்பித்திருப்பார். பிறர் முகம் விழும்படி அனுமதியில்லாமல் படம் எடுப்பதும், கோபத்தில் வசைச் செய்தி அனுப்புவதும், கையால் அசிங்கமாகச் சைகை காட்டுவதும் வழக்காகக்கூடிய குற்றங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றை டாக்டர் சீட்டு இருந்தாலும் முன் அனுமதி பார்க்காமல் கொண்டுபோகாதீர்கள். தேரா, பர் துபாயில் வாடகை குறைவான சில விடுதிகளின் கீழ்த்தளத்தில் இரவு ஆட்ட விடுதிகள் நடக்கும். விடுதியைப் பற்றிப் பெண்கள் எழுதிய கருத்துகளைப் படித்தால் அது தெரிந்துவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். கோடையில் நடந்து சுற்றிப் பார்க்க முடியாது. காவல் 999, ஆம்புலன்ஸ் 998.

சொந்தக்காரர் வீடா, விடுதியா, பெண்கள் கூட்டறையா?

சித்தி வீடு இருக்கும்போது காசு கொடுத்து அறை எடுப்பதா என்று வீட்டில் சண்டை வரும். பெண் ஒருவர் தலைமையில் இருக்கும் குடும்பமாக இருந்தால், முதல் இரண்டு நாளுக்குச் சொந்தக்காரர் வீடு நல்லது. சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் இடம் எவ்வளவு இருக்கும், அவர்களுக்கு வேலைக்குப் போகிற நேரம் எது என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஆனால் நண்பனின் அண்ணன், மாமாவோடு வேலை பார்ப்பவர், ஊர்க்காரர் என்ற அளவில் தெரிந்த ஆண்கள் சேர்ந்து தங்கும் வீட்டில் ஒரு ராத்திரியும் வேண்டாம். பெண்களுக்குத் தீங்கு பெரும்பாலும் முன்பின் தெரியாதவரால் வருவதில்லை, ஓரளவு தெரிந்தவரால்தான் வருகிறது. "நம்ம ஊரு பையன்தான், ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போவான்" என்ற ஏற்பாட்டை நாசூக்காக மறுக்கலாம்: "விடுதியே வண்டி அனுப்புது அத்தை, அவருக்கு எதுக்குச் சிரமம்."

விடுதியில் சாவி கொடுக்கும்போது ஊழியர் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தரைத்தளம் வேண்டாம், பக்கத்து அறைக்கு உள்கதவு உள்ள அறையும் வேண்டாம். நுழைந்ததும் தாழ்ப்பாள், சங்கிலி, கண்துளை மூன்றையும் பாருங்கள். கதவடியில் செருகும் ரப்பர் ஆப்பு நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், தாழ்ப்பாள் ஆடினாலும் அது பிடித்துக்கொள்ளும். கேட்காத எதையும் கொண்டுவந்து ஒருவர் தட்டினால், திறக்காமல் வரவேற்புக்குப் போன் செய்து கேளுங்கள். பெண்கள் மட்டும் தங்கும் கூட்டறை சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் செலவை அரைவாசிக்கும் கீழே இறக்கும். அறைதான் பெண்களுக்கு, குளியலறை பொது என்பது சில இடங்களில் உண்டு, அதைக் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். பெட்டகத்துக்குப் பூட்டு நாமே கொண்டுபோக வேண்டியிருக்கும். துபாயில் அறைகளைத் துண்டு போட்டுக் கட்டில் கணக்கில் விடும் வீடுகளில் தங்காதீர்கள், அவற்றில் பல அனுமதி இல்லாதவை.

வெளியூரில் நம் பேச்சைக் கேட்டதும், "திருநவேலியா? எந்த ஊரு தாயி? யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் பாசம்தான், மறுத்துப் பேச வேண்டியதில்லை. ஊரைச் சொல்லுங்கள், விடுதியைச் சொல்லாதீர்கள். "தனியாவா வந்திருக்கீங்க?" என்றால், "இல்லண்ணே, வீட்டுல எல்லாரும் ரூம்ல இருக்காங்க." இந்தப் பொய்க்குக் கூசத் தேவையில்லை.

கிளம்புமுன்

பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல் இரண்டு, படம் நான்கு. ஒரு தொகுதி பெட்டியில், இன்னொன்று வீட்டில். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் புகார், பிறகு இந்தியத் தூதரகம். ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் கொடுப்பார்கள், அதற்கு இந்த நகல் வேலை செய்யும். கொழும்பில் தூதரகம் காலி வீதியில், சிங்கப்பூரில் கிரேஞ்ச் சாலையில், கோலாலம்பூரில் மோன்ட் கியாராவில், துபாயில் துணைத் தூதரகம் பர் துபாயில். வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு வழக்கமாக மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் திறந்துவிட்டு ஏறுங்கள். ஓடிபி வருவதற்காக இந்திய சிம்மை அணைக்காமல் ரோமிங்கில் வைத்து, இணையத்துக்கு அந்த ஊர் சிம்மோ இ-சிம்மோ போட்டுக்கொள்ளுங்கள். நான்கு ஊரிலும் பட்டையான மூன்று முள் பிளக் என்பதால் ஒரே அடாப்டர் போதும். வீட்டுக்கு ஒரு தாளில் விமான எண், விடுதி முகவரி, தினமும் பேசும் இரண்டு நேரங்கள். நேரத்தை அவர்கள் கடிகாரப்படி எழுதுங்கள்: சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். குறித்த நேரத்தில் பேச்சு வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, பிறகு யாரைக் கூப்பிடுவது என்பதையும் எழுதிவைத்தால் வீண் பதற்றம் குறையும்.

எங்கே ஏறுவது என்பதும் ஒரு முடிவுதான். மதுரையில் கொழும்பு விமானம் உண்டு; மற்ற ஊர்களுக்கு இப்போது நேரடி விமானம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருமங்கலம் தாண்டி ரிங் ரோட்டில் திரும்பினால் ஊருக்குள் நுழையாமலே விமான நிலையம் போய்விடலாம். திருவனந்தபுரத்திலிருந்து நான்கு ஊருக்கும் போகலாம். நாகர்கோவில் வழியாக ரயில் இருப்பதால் தனியாகப் போகிறவருக்கு வசதி. சர்வதேச முனையம் சாக்கையில், உள்நாட்டு முனையம் சங்குமுகத்தில் என்பதை ஆட்டோ ஏறும்போதே சொல்ல வேண்டும். திருச்சியில் தேர்வு அதிகம், திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர். கட்டணத்தில் ஆயிரம் இரண்டாயிரம் குறைகிறது என்று திருச்சிக்குப் போனால் கார் செலவு அதைத் தின்றுவிடும்.

டிக்கெட் எடுக்கும்போது போகும் நேரத்தை மட்டும் பார்க்காமல் திரும்பி இறங்கும் நேரத்தையும் பாருங்கள். நடு ராத்திரியில் மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ இறங்கி, அங்கிருந்து அம்பாசமுத்திரத்துக்கோ செங்கோட்டைக்கோ தனியாக டாக்சி பிடிப்பது இந்தப் பயணத்தின் மிக ஆபத்தான மூன்று மணி நேரமாக இருக்கக்கூடும். வீட்டிலிருந்து ஒருவர் வந்து நிற்கட்டும். முடியாவிட்டால் விடியும் வரை முனையத்துக்குள்ளேயே இருந்துவிட்டு முதல் பேருந்தையோ ரயிலையோ பிடியுங்கள். நம் பக்கம் அவசர எண் 112, பெண்கள் உதவி 181.